ஞாயிற்றுக்கிழமை வராத விருந்தாளி

அத்தியாயம் 7

மூடிய டிராயருக்குள் எதற்குக் கரண்ட் என்று மாப்பிள்ளை கேட்டபோது மணி மூன்று பத்து. கேள்வி சரியான கேள்விதான். ஆனால் கிண்டலாகக் கேட்டுத் தொலைத்தான். கிண்டலாகக் கேட்ட கேள்விக்கு இந்த உலகத்தில் யார் பதில் சொல்லியிருக்கிறார்கள்? ஒன்றரை மணி நேரம் வீணாகப் போயிற்று. அவன் பிழைப்பே அப்படித்தான். பத்து வார்த்தை பேசினால் ஒன்பது நையாண்டி, ஒன்று துப்பு. எது எது என்று அவனுக்கே தெரியாது. அத்தைக்குத் தெரியும். அதனால்தான் அவள் துப்பறிகிறாள், அவன் கூடப் போகிறான்.

அத்தை என்றால் அவனுடைய மாமியார். முப்பத்தொரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவள். யார் யாரோடு பேசுகிறார்கள், யார் யாரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் காதைச் சும்மா வைத்திருக்க மனமில்லாமல் இந்தத் தொழிலில் இறங்கினாள். துணைக்கு மாப்பிள்ளை. அவளுடைய மகள் மூன்று வருடத்துக்கு முன்னால் இவன் வேண்டாம் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். "போகும்போது மிக்ஸியை எடுத்துக்கிட்டா, அம்மாவை விட்டுட்டா" என்று மாப்பிள்ளை பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லி, அவனே முதல் ஆளாகச் சிரிப்பான். அத்தை சிரிக்க மாட்டாள். மகள் போன பிறகும் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதை அவள் நிறுத்தவில்லை. அவ்வளவுதான் அவளுக்குச் செய்யத் தெரிந்தது.

அன்றைக்கு அவர்களைக் கூப்பிட்டது ஒரு சின்னக் கம்பெனியின் முதலாளியம்மா. மூன்றாவது மாடி, ஆறு மேசை, ஓடாத ஒரு ஏசி. தனி வார்டில் இருக்கும் நோயாளிகளை யாரும் உள்ளே போய்ப் பார்க்க முடியாது அல்லவா, அவர்களுக்காக இந்தக் கம்பெனி ஒரு வெப்சைட் நடத்துகிறது. நோயாளி கையில் ஒரு டேப்லட், வீட்டில் இருப்பவர் கையில் போன். இருவரும் பக்கத்தைத் திறந்து எழுதிப் பேசிக்கொள்ளலாம். எதிராளி இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். எழுதியது எதுவும் எங்கேயும் சேமிக்கப்படாது. இருவருமே பக்கத்தை மூடினால் அழிந்துவிடும். கம்பெனி ஆட்கள் யாரும் ஒரு வரி படிக்கக் கூடாது. நோயாளிகளுக்குக் கொடுத்த வாக்கு அது.

"மூணு சர்வர் இருக்கு," என்றாள் முதலாளியம்மா. "வாசல்ல லோடு பேலன்ஸர்னு ஒரு பெட்டி. வர்றவங்களை நீ ஒண்ணுக்குப் போ, நீ ரெண்டுக்குப் போன்னு பிரிச்சு விடும். இல்லைன்னா எல்லாரும் ஒரே கவுண்டர்ல போய் முட்டிக்குவாங்க. அந்தப் பெட்டி வாடகை எங்களுக்குக் கட்டுப்படி ஆகலை. வேற வழிக்கு மாற மூணு தடவை நாள் குறிச்சோம். மூணு தடவையும் கடைசி நிமிஷத்துல மூணாவது சர்வர் மட்டும் பழைய பெட்டிக்கே திரும்பிப் போயிடுது."

"ஒரு சர்வர்தானே, போகட்டுமே," என்றான் மாப்பிள்ளை.

"ஒண்ணு தொங்கினாலும் பெட்டி நம்ம தலையிலதான். இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒப்பந்தம் முடியுது. அதுக்குள்ள முழுசாக் கழட்டலைன்னா தானா இன்னொரு வருஷம் நீண்டுடும். அப்படி நீண்டா ரெண்டு வார்டை நான் நிறுத்தணும். அதுல ஒண்ணு குழந்தைங்க வார்டு."

"பெட்டியோட பாஸ்வேர்டு யார் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள் அத்தை.

"என்கிட்ட. வாடகைக்குக் கொடுத்த கம்பெனி சேல்ஸ்மேன்கிட்ட. அப்புறம் எங்க இன்ஜினியர் தராசுகிட்ட." லோடைப் பிரிக்கும் வேலை என்பதால் ஆபீசில் அவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதாம். "தராசு எனக்குத் தம்பி மாதிரி. அவனைச் சந்தேகப்பட மனசு வரலை. அந்த சேல்ஸ்மேன்தான் யாரையோ கையில போட்டுட்டு ஆடறான்."

தராசு ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, மூன்று மணிக்கு மேல் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும். சட்டை தேய்த்திருந்தது, முகம் தேய்ந்திருந்தது. டப்பாவை ஒவ்வொரு அடுக்காகத் துடைத்து மூடினார்.

"வீட்டுச் சாப்பாடா?" என்றான் மாப்பிள்ளை.

"மாமனார் கட்டிக் கொடுக்கிறார். நானும் அவரும்தான் வீட்டுல."

"எனக்கு மாமியார், உங்களுக்கு மாமனாரா? நல்ல ஜோடி. உங்க வீட்டுக்காரம்மா?"

"இல்லை," என்றார் தராசு.

"எனக்கும் இல்லை. மிக்ஸியும் இல்லை," என்று மாப்பிள்ளை சிரித்தான். தராசும் மரியாதைக்கு உதட்டை அசைத்தார். அப்போதுதான் மேசைக்கு அடியில் ஒரு சார்ஜர் வயர் பூட்டிய டிராயருக்குள் நுழைவது மாப்பிள்ளையின் கண்ணில் பட்டது. "ஏன் சார், மூடின டிராயருக்குள்ள எதுக்குக் கரண்ட்? உள்ள ஃபைலுக்கெல்லாம் புழுங்குதா?"

யாரும் சிரிக்கவில்லை. தராசு தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அத்தை அவர் எழுதிய அறிக்கையை வாங்கிப் படித்தாள். எந்த லோடு பேலன்ஸருக்கு மாறலாம் என்று நாலு பக்கம். மாப்பிள்ளை தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"மூணு வழி போட்டிருக்கார் அத்தை. ஒண்ணு, பெரிய பெட்டியைச் சொந்தமா வாங்குறது. அதாவது யானை வாங்குறது. ரெண்டாவது, மாசா மாசம் இன்டர்நெட்லயே வாடகைக்கு எடுக்கிறது. எத்தனை பேர் வர்றாங்களோ அதுக்குத் தகுந்த காசு. பார்வை நேரம் நாலு மணிக்கு எல்லாரும் ஒண்ணா வந்து விழுவாங்க, பில் எகிறிடும். அதாவது யானையை வாடகைக்கு எடுத்துத் தீனியும் நாமே போடறது. மூணாவது, இலவசமாக் கிடைக்கிற சாப்ட்வேரை நம்மகிட்டயே இருக்கிற ரெண்டு சின்ன மிஷின்ல போட்டுக்கிறது. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு சுமக்கும். வீட்டுல இருக்கிற ரெண்டு கழுதையைப் பழக்குறது. இவர் கழுதையைத்தான் சிபாரிசு பண்ணியிருக்கார்."

"கமிஷன் வாங்குறவன் இலவசத்தைச் சிபாரிசு பண்ணுவானா மாப்பிள்ளை?"

"இலவசத்துல என்ன கமிஷன், நன்றின்னு ஒரு வார்த்தைதான் வரும்."

"அப்போ இந்த ஆள் காசுக்குத் தடுக்கலை." அத்தை கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தாள். "மாத்தும்போது ஒவ்வொரு சர்வரையும் ஒரு தடவை நிறுத்தித் திறக்கணுமாம். ஒண்ணாவது, மூணு நிமிஷம். ரெண்டாவது, மூணு நிமிஷம். மூணாவதுக்கு எதிர்ல ஒண்ணுமே எழுதலை. பாக்கி எல்லாத்தையும் இவ்வளவு ஒழுங்கா எழுதினவர் இதை ஏன் விட்டார்?"

மாப்பிள்ளைக்குச் சேல்ஸ்மேன் மேல்தான் கண். போன் போட்டு, தன்னைப் பெரிய வாடிக்கையாளராகக் காட்டிக்கொண்டு பத்து நிமிஷம் அளந்தான். சேல்ஸ்மேன் அவனுக்கு மேலே அளந்தார். ஆனால் இந்தக் கம்பெனிப் பெட்டியில் நீங்களே கைவைக்கிறீர்களாமே என்று கேட்டபோது ஒரு உண்மை விழுந்தது.

"பெட்டியை நாங்க ஏன் சார் தொடப் போறோம்?" என்றார் சேல்ஸ்மேன். "தொட்டா மூணு சர்வரையும்ல இழுத்து வெச்சுக்குவோம்? அதுவும் அந்த மூணாவது ஒரு தண்டம். பதினாலு மாசமா அதுக்குப் புது ஆள் ஒருத்தரையும் அனுப்பாம வெச்சிருக்காங்க. வெட்டியா ஏன் ஓடுதுன்னு நானே கேட்டேன். அந்தக் கம்பெனி இன்ஜினியர் பதில் சொல்லலை."

மாப்பிள்ளை போனை வைத்தான். "அத்தை, இவன் இல்லை. வீடு பூந்து ஒரே ஒரு ஸ்பூனை மட்டும் எடுக்கிற திருடன் கிடையாது."

அத்தை தராசைக் கூப்பிட்டாள். மூன்றாவது சர்வருக்கு ஏன் ஆள் அனுப்புவதில்லை என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"உள்ளே இருக்கிறவங்க பேசி முடிக்கட்டும், புதுசா யாரும் வேண்டாம்னு போட்டு வெச்சிருக்கேன்," என்றார் தராசு. குரல் காகிதம் மாதிரி இருந்தது. "கடை மூடற நேரத்துல ஷட்டரைப் பாதி இறக்குவாங்க இல்லையா, அந்த மாதிரி."

"பதினாலு மாசமாவா ஷட்டர் பாதியில நிக்குது?" என்றான் மாப்பிள்ளை. "உள்ள யாரு சார் அப்படி ஒரு வாடிக்கையாளர், புடவை எடுக்கிறாங்களா?"

தராசு கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணி ஆகப்போகிறது, வேலை இருக்கிறது என்று எழுந்து போனார்.

உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை யாராலும் பார்க்க முடியாது. ஆனால் யார் எப்போது வந்தார்கள், எவ்வளவு எழுத்து, எங்கிருந்து என்பதைப் பெட்டி குறித்து வைத்திருக்கும். முதலாளியம்மா அதை அச்சடித்துக் கொடுத்தாள். அத்தை ஒரு பென்சிலும் மேசை நாட்காட்டியும் கேட்டு வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். மூன்றாவது சர்வரில் இருந்தது ஒரே ஒரு அறை, அதாவது ஒரே ஒரு உரையாடல். அந்த அறையில் இரண்டு பேர்.

"ஒரு பக்கத்துலேர்ந்து ஐம்பது செகண்டுக்கு ஒரு எழுத்து வருது," என்றான் மாப்பிள்ளை. "ராத்திரி பகல் கிடையாது. இந்த வேகத்துல ஒரு கடுதாசி எழுதி முடிக்க ஒரு மாமாங்கம் ஆகும்."

"அது கடுதாசி இல்லை. பெட்டி அறுபது செகண்ட் பொறுத்துப் பார்க்கும், சத்தம் இல்லைன்னா லைனை வெட்டிடும். வெட்டக் கூடாதுன்னுதான் திரையில தெரியாம ஒரு புள்ளி, ஒரு புள்ளியா வருது. மனுஷன் தூங்கணும்ல, அதனால மிஷினைப் பழக்கி வெச்சிருக்காங்க." அத்தை பென்சிலைக் கீழே வைத்தாள். "எக்ஸ்சேஞ்சுல இதை நிறையப் பார்த்திருக்கேன் மாப்பிள்ளை. பேச்சு இல்லைன்னா நாங்க லைனை எடுத்துடுவோம். அதுக்குப் பயந்து சில பேர் நடுநடுவுல 'ம்'ம்பாங்க. பேச ஒண்ணும் இருக்காது. வைக்க மனசு வராது."

"சரி, அந்தப் புள்ளி எங்கேர்ந்து வருது?"

அத்தை காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். புள்ளி வந்தது இதே கட்டிடத்திலிருந்து, இதே மாடியிலிருந்து. மாப்பிள்ளை ஜன்னலோர மேசையைத் திரும்பிப் பார்த்தான். சார்ஜர் வயர் ஞாபகம் வந்தது, அதோடு மிக்ஸி ஜோக்கும் ஞாபகம் வந்தது.

"அத்தை, நான் ஒரு மடையன்."

"தெரியும். வாங்க."

மணி நாலு நாற்பது. தராசு தன் நாற்காலியில் உட்கார்ந்து, டிராயரையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர்கள் வந்து நின்றதும் எதுவும் கேட்காமல் சாவியை எடுத்துத் திறந்தார். உள்ளே ஒரு டேப்லட் குப்புறக் கிடந்தது. முதுகில் ஆஸ்பத்திரியின் வார்டு எண் ஒட்டியிருந்தது.

"என் மனைவியோடது," என்றார். "ரிப்பேர்னு சொல்லி ஆஸ்பத்திரிக்கு வேற ஒண்ணு கொடுத்துட்டு இதை நான் வெச்சுக்கிட்டேன்."

மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தராசு தானாகவே பேசினார். பதினாலு மாதத்துக்கு முன்னால் மனைவி தனி வார்டில் இருந்தபோது, அவளுடைய அப்பாவுக்கு இன்னொரு ஆஸ்பத்திரியில் இதய ஆபரேஷன். அப்பாவும் மகளும் படுக்கையில் இருந்தபடியே, தராசு கட்டிய இந்தப் பக்கத்தில்தான் பேசிக்கொண்டார்கள்.

"அப்பாவுக்கு ஆபரேஷன் முடியற வரைக்கும் எதுவும் சொல்லாதீங்கன்னா. அதுதான் என்கிட்ட அவ கடைசியா சொன்னது. மறுநாள் போயிட்டா. டாக்டரும் இப்போ அதிர்ச்சி கூடாதுன்னார். ஆபரேஷன் முடிஞ்சுது. நாளைக்குச் சொல்லலாம்னு நினைச்சேன். நாளைக்கு நாளைக்குன்னே பதினாலு மாசம் போச்சு."

"அவர்கிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் அத்தை.

"சிகிச்சை நீளுது, யாரும் பார்க்க முடியாது, கையில பலம் இல்லை, எழுத மாட்டா. ஆனா நீங்க எழுதறதைப் படிப்பா, பச்சைப் புள்ளி எரிஞ்சா இருக்கான்னு அர்த்தம். இப்படித்தான் சொன்னேன். தினம் நாலு மணிக்கு வந்து அஞ்சு மணி வரைக்கும் இருப்பார். இந்த சர்வரை நிறுத்தினா அறை போயிடும், புள்ளி அணைஞ்சுடும். மூணு தடவையும் நிறுத்தற பட்டன் மேல விரலை வெச்சேன், அப்புறம் பழைய பெட்டிக்கே திருப்பி விட்டுட்டேன். முடியலை. குழந்தைங்க வார்டு போயிடும்னு தெரியும். தெரிஞ்சும் முடியலை. நான் பண்ணது தப்புதான். ஆனா அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் அவர் உயிரோட இருக்கார்."

"பதினாலு மாசமாவா?" என்று மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டான். இந்தத் தடவை அதில் கிண்டல் இல்லை.

அத்தை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு தராசுக்கு எதிரே உட்கார்ந்தாள். "வீட்டுல உங்ககிட்ட அவளைப் பத்திக் கேப்பாரா?"

"முதல்ல கேட்டார். அப்புறம் கேக்கறதில்லை. கேக்கப் பயமா இருக்கும் போல."

"அவர் எழுதறதை நீங்க படிச்சிருக்கீங்களா?"

தராசுக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. "அது அவர் பொண்ணுக்கு எழுதறது. நான் எப்படிங்க படிப்பேன்? அடுத்தவங்க எழுதறதைப் படிக்க மாட்டோம்னு சொல்லித்தானே இந்தத் தொழிலே பண்றோம். ஒரு வரி படிச்சதில்லை. டேப்லட்டைத் திருப்பினது கூட இல்லை."

அத்தை கையிலிருந்த காகிதத்தை மறுபடி ஒரு தடவை பார்த்தாள். மாப்பிள்ளை அவளை எட்டு வருடமாகப் பார்க்கிறான். துப்பு கிடைத்தால் அவள் முகம் பிரகாசமாகும். இப்போது அவள் முகம், யாரோ அவளை அடித்துவிட்ட மாதிரி இருந்தது.

"தம்பி, இதைப் பாருங்க," என்று காகிதத்தையும் நாட்காட்டியையும் மேசையில் விரித்தாள். "ஆபரேஷனுக்கப்புறம் மறுபடி எழுத ஆரம்பிச்ச முதல் ஒன்பது நாள். உங்க மாமனார் காலையில எழுதறார், மத்தியானம் எழுதறார், நினைச்ச நேரமெல்லாம் எழுதறார். ஒரு நாளைக்கு முப்பது, நாப்பது தடவை. ஞாயித்துக்கிழமையும் எழுதறார். பத்தாம் நாள் ஒரே ஒரு தடவை, நீளமா. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் தினம் ஒரே ஒரு வரி. நாலு மணிக்கு. எண்ணி எடுத்த மாதிரி அதே அளவு எழுத்து. ஒரு எழுத்து கூடலை, குறையலை."

"வயசானவர். கை ஓஞ்சிருக்கும்."

"இருக்கலாம். ஆனா பத்தாம் நாளுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை கூட எழுதலையே, அது ஏன்? நடுவுல இந்த நாலு நாளும் எழுதலை. இந்த நாலு நாள் என்ன?"

தராசு நாட்காட்டியைப் பார்த்தார். "எனக்குக் காய்ச்சல். வீட்டுல படுத்திருந்தேன்."

"நீங்க இந்த நாற்காலியில உட்காராத நாள்ல அவர் எழுதறதில்லை. சாகக் கிடக்கிற பொண்ணுக்கு எழுதற அப்பன் ஞாயித்துக்கிழமை லீவு எடுப்பானா தம்பி? அவர் பொண்ணுக்கு எழுதலை." அத்தையின் குரல் உடைந்தது. அதைச் சரிசெய்துகொண்டு சொன்னாள். "படிங்க. அது உங்களுக்கு வந்தது."

தராசு அசையவில்லை. கடைசியில் மாப்பிள்ளைதான் டிராயருக்குள் கைவிட்டு டேப்லட்டை எடுத்து, திருப்பி, அவர் முன்னால் வைத்தான். வைக்கும்போது அவன் கண்ணிலும் பட்டுவிட்டது. திரையில் முதல் வார்த்தை 'மாப்பிள்ளை' என்று இருந்தது. யாரோ தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் அவன் திடுக்கிட்டுப் போனான்.

'மாப்பிள்ளை, இன்னிக்காவது சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன்.' இன்றைய தேதி, நாலு மணி. அதற்கு மேலே நேற்றைய தேதி, நாலு மணி, அதே வரி. அதற்கு மேலே அதே வரி. தராசு விரலால் தள்ளித் தள்ளி மேலே போனார். மழைக்காலம் போயிற்று, வெயில்காலம் போயிற்று, அதே வரி வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பத்தாம் நாள் கடிதத்தில் வந்து நின்றார்.

'மாப்பிள்ளை, அவ கண்ணாடி இன்னிக்கு என் பேருக்குத் தபால்ல வந்துச்சு. ஆஸ்பத்திரி சீட்டுல அப்பான்னு என் பேரைக் கொடுத்திருக்கா போல. கண்ணாடி இல்லாம அவளுக்கு எதிர்ல நிக்கிற ஆள் தெரியாது. உயிர் இருக்கிற வரைக்கும் அதைக் கழட்டிக் கொடுக்க மாட்டா. அவ இல்லை, ஆனா புள்ளி எரியுது. அப்போ அதை எரிய வைக்கிறது யாருன்னு எனக்குத் தெரியாதா? எனக்காகத்தான் செய்யறீங்க. நானா கேட்டா நீங்க உடைஞ்சுடுவீங்க, அதனால வீட்டுல கேக்க மாட்டேன். நேர்ல சொல்ல முடியலைன்னா இதுல எழுதுங்க. ஆபீஸ் நேரத்துல தினம் வந்து காத்திருக்கேன்.'

"நான் படிக்கலையே," என்றார் தராசு. "ஒரு நாள் கூடத் திருப்பிப் பார்க்கலையே. தினம் வந்து உட்கார்ந்திருக்காரே. நான் இங்கேயேதானே இருந்தேன்." அதையே மறுபடி மறுபடி சொன்னார். அவருக்குக் காப்பாற்றத் தெரிந்த ஒரே விதியைக் காப்பாற்றியிருக்கிறார் பாவி மனுஷன். அதற்குப் போய் இந்தத் தண்டனையா என்று மாப்பிள்ளைக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

"அஞ்சாகப் போகுது. போயிடுவார்," என்றாள் அத்தை.

தராசு டேப்லட்டைத் தன் பக்கம் இழுத்தார். 'மாமா' என்று எழுதினார். அதற்கு மேல் விரல் ஓடவில்லை.

எதிர்ப்பக்கம் ஒன்றும் வரவில்லை. மகளுடைய பெயரில் பதினாலு மாதத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை வந்திருக்கிறது. அந்த மனிதர் எங்கே உட்கார்ந்து அதைப் பார்த்தாரோ, எப்படிப் பார்த்தாரோ. பிறகு வந்தது. 'சொல்லுங்க மாப்பிள்ளை.'

'அவ போயிட்டா மாமா.'

'எப்போ?'

தெரிந்த மனிதர்தான். ஆனாலும் கேட்டார். தராசு எழுதினார். 'உங்க ஆபரேஷனுக்கு முந்தின நாள். செவ்வாய்க்கிழமை. காலையில பதினொண்ணு இருபது.'

'பக்கத்துல யாராவது இருந்தாங்களா?'

தராசு அத்தையை நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. அத்தை இல்லை என்று தலையசைத்தாள். 'யாரும் இல்லை மாமா. உள்ளே விடலை. கண்ணாடிக் கதவுக்கு வெளியில நான் நின்னேன். என்னைப் பார்த்தாளான்னு தெரியலை.'

'அன்னிக்கு நீங்க சாப்பிட்டீங்களா?'

அந்தக் கேள்வியைப் படித்துவிட்டு தராசு டேப்லட்டின் மேலேயே கையை ஊன்றிக்கொண்டார். பதினாலு மாதத்தில் அவரை யாரும் அதைக் கேட்டதில்லை. அவர் மனைவியைப் பற்றிக் கேட்டார்கள், ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டார்கள், எப்போது வேலைக்கு வருவாய் என்று கேட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை மாப்பிள்ளை படிக்கவில்லை. அத்தை அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, ஆபீஸ் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டாள். கண்ணாடி வழியே தராசின் முதுகு மட்டும் தெரிந்தது. எழுதினார், நிறுத்தினார், படித்தார், மறுபடி எழுதினார். ஐந்தரைக்கு முதலாளியம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"யாருன்னு தெரிஞ்சுதா? இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு."

"யாரும் நாசம் பண்ணலைம்மா," என்றாள் அத்தை. "ஒருத்தர் வாயிலேர்ந்து ஒரு செய்தி வெளியில வர முடியாம மாட்டிக்கிட்டு இருந்தது. அதான் உங்க மூணாவது சர்வரைப் பிடிச்சு வெச்சிருந்தது." பிறகு எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னாள். முதலாளியம்மா கதவுப் பிடியில் வைத்த கையை எடுத்துக்கொண்டாள். தம்பி மாதிரி என்று சொன்னவள். தினம் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவள். அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"அவன்கிட்ட நான் ஒரு நாள் கூட..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

"அத்தை, ஆறு மணி ஆச்சுன்னா?" என்றான் மாப்பிள்ளை. "குழந்தைங்க வார்டு?"

"சாவுச் செய்தி போயிட்டிருக்கிற லைனை நான் முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவை கூட வெட்டினதில்லை மாப்பிள்ளை. அவரே வைப்பார். அவருக்கும் தெரியும்."

அத்தை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையும் முதலாளியம்மாவும் வேறு எதையும் பார்க்கவில்லை. ஐந்து ஐம்பதுக்கு தராசு திரும்பி, கண்ணாடி வழியாக அவர்களைக் கூப்பிட்டார். முகம் முழுக்க ஈரம்; துடைக்க நினைவில்லை. திரையைத் தன்னால் படிக்க முடியவில்லை, கண் மறைக்கிறது என்றார். கடைசியாக வந்ததை மாப்பிள்ளையே படித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்கு முன்னால் தராசு எழுதியிருந்தது, 'மாமா, இந்தப் பக்கத்தை நான் மூடணும். வேற வார்டுல பிள்ளைங்க இருக்காங்க. மூடினா அவ எழுதினதும் நீங்க எழுதினதும் எல்லாம் போயிடும்.'

பதிலை மாப்பிள்ளை ஒரு தடவை மனதுக்குள் படித்துக்கொண்டான். பிறகு சத்தமாகப் படித்தான்.

"மூடுங்க மாப்பிள்ளை. மூடிட்டு நேரா வீட்டுக்கு வாங்க. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு நாம ரெண்டு பேரும் சேர்ந்து அவளுக்காக இன்னும் அழவே இல்லை."

தராசு சரி என்று தலையாட்டினார். டேப்லட்டை அணைத்தார். அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி போயிற்று. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, மூன்றாவது சர்வரை நிறுத்தி, மூன்று நிமிஷம் காத்திருந்து, புது வழியில் கோத்துவிட்டு, பழைய பெட்டியைக் கழற்றிவிடும் பட்டனை அழுத்தினார். கை ஒழுங்காகத்தான் வேலை செய்தது. மணி ஐந்து ஐம்பத்தாறு. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார், வாசல் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். பிறகு வீடு போய்ச் சேரும் வரைக்கும் பொறுக்க முடியாமல், அந்த ஆபீஸ் நடுவில் தரையிலேயே உட்கார்ந்து, மூன்று பேர் பார்க்க வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.